கீழ்ப்பிரிவில் கணக்கு சார்

சின்ன டீச்சருக்கு வயது நாற்பத்தாறு. அந்தப் பெயர் வயதைப் பார்த்து வைத்ததல்ல, உயரத்தைப் பார்த்து வைத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவே நின்றால் அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை வருஷமாக இரண்டாம் வகுப்பை விட்டு அவர் நகராததற்குக் காரணம், அங்கே மட்டும்தான் அவர் எல்லாரையும்விட உயரம் என்று சக ஆசிரியர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். உயரத்தில் விட்டதை அவர் வாயில் பிடித்துவிட்டார். அந்த வாயால்தான் ஆசிரியர் சங்கத்தின் கிளைச் செயலாளர் ஆனார். அதே வாயால்தான் இந்த முறை வசமாக மாட்டிக்கொண்டார்.

மாட்டியது பள்ளிக்கூட வாசலில். அந்த வாரம் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளை, இருபதே நிமிஷத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டம் இருக்கும். சரியான வட்டத்தைப் பென்சிலால் நிரப்பினால் போதும். திருத்துவது இயந்திரம். கோட்டுக்கு மேலே மதிப்பெண் வாங்கினால் மேல்பிரிவு, கீழே வாங்கினால் கீழ்ப்பிரிவு. அடுத்த மாதத்திலிருந்து இரண்டுக்கும் தனித்தனி அறை, தனித்தனிப் பாடம். இதை யோசித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஏழு வயதுப் பிள்ளையோடு ஒரு முழு நாள் இருந்து பார்த்தவராக மட்டும் இருக்க முடியாது.

இப்படிப்பட்ட செய்தி பெற்றோர் காதுக்குப் போகாமல் இருக்குமா? அன்று சாயங்காலம் தன் மகளைக் கூட்டிப்போக வந்த தையல்காரம்மா சின்ன டீச்சரை ஓரமாக இழுத்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறார்.

"டீச்சர், பிள்ளைங்களைப் பிரிக்கப் போறாங்களாமே. எங்க வீட்டு ராணி எந்தப் பக்கம் போவான்னு எனக்குத் தெரியாதா? கீழதான் போடுவாங்க. அவ சிநேகிதி மேல போயிடுவா. இவ அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன்னு உட்கார்ந்துடுவா."

"யாரு பிரிக்கிறது?" என்றார் சின்ன டீச்சர். "என் வகுப்பை நான் பிரிக்க விடமாட்டேன். நீங்க நிம்மதியா போங்க. இது நான் குடுக்கிற வாக்கு."

சொல்லிவிட்டு நான்கு அடி நடந்தவர் நின்றுவிட்டார். எந்த அதிகாரத்தில் வாக்குக் கொடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த ராணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் அவளுக்குப் 'பொறுங்க' என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் "பொறுங்க டீச்சர்" என்பாள், பிறகு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் பக்கத்தில் உட்காருபவளுக்குப் பெயர் 'தெரியும்'. கேள்வி பாதியில் இருக்கும்போதே "தெரியும் டீச்சர்" என்று எழுந்து நிற்பாள். பன்னிரண்டு பழத்தை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை என்று கேட்டால், தெரியும் "எட்டு" என்று அடித்துச் சொல்வாள். பொறுங்க அப்போது வாயே திறக்க மாட்டாள். மதியம் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது பின்னால் வந்து முந்தானையை இழுத்து, "மூணு டீச்சர். ஆனா எல்லாப் பழமும் ஒரே அளவா?" என்பாள். தெரியும் ஓடி வந்து, "பார்த்தீங்களா, அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்பாள். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போலத்தான் திரியும். இருபது நிமிஷத்தில் பொறுங்க மூன்று வட்டம் நிரப்பினால் பெரிய விஷயம். தெரியும் இருபது கேள்வியையும் இரண்டு நிமிஷத்தில் நிரப்பிவிட்டு, அதிர்ஷ்டத்தில் மேலே ஏறிவிடுவாள்.

ஆக, வாக்கைக் காப்பாற்ற ஒரே வழி சங்கம்தான். இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் வினாத்தாளை விநியோகிக்க மாட்டோம் என்று கிளை தீர்மானம் போட வேண்டும். வேலையை மறுக்கும் தீர்மானம் என்பதால் சங்க விதிப்படி கூட்டத்துக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் கை தூக்க வேண்டும். சின்ன டீச்சர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு ஆசிரியர்கள் கை தூக்காவிட்டால் தேறாது. கணக்கு ஆசிரியர்கள் எல்லாரும் கணக்கு சார் கையைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். கணக்கு சாரோ தேர்வு என்றால் உயிரையே கொடுப்பவர். இதில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. கணக்கு சார் சின்ன டீச்சரின் வீட்டுக்காரர்.

வெளியாள் என்றால் பேசி மடக்கிவிடலாம். கட்டிய கணவனை மடக்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அன்று ராத்திரி அவர் சாப்பாட்டு மேசையில் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"அளக்காம எப்படித் தெரியும்?" என்றார் தலை நிமிராமல். "காய்ச்சல்னா தெர்மாமீட்டர் வைக்கிறோமா இல்லையா?"

"வைக்கிறோம். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை வேற வீட்டுக்கு அனுப்பிடறோமா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

பதில் இல்லாதபோது கணக்கு சார் விடைத்தாளுக்குள் புகுந்துகொள்வார். அப்போதும் புகுந்துகொண்டார். கையில் இருந்த தாளில் கடைசி விடை தப்பு. ஆனால் அவர் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வரி வரியாகப் படித்தார். "சரியாத்தான்டா யோசிச்சிருக்கே, கடைசிக் கூட்டல்ல வழுக்கிட்டியே" என்று தாளைப் பார்த்தே சொல்லிவிட்டு, ஐந்துக்கு நாலு போட்டார். வழிமுறை சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுப்பதில் அவரைப் போல் தாராளமான ஆள் கிடையாது. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால், அது சரியாகவே இருந்தாலும், பாதிதான். "நடந்து வந்தியா, தூக்கிட்டு வந்தாங்களான்னு எனக்குத் தெரியணும்ல?" என்பார். முப்பது வருஷமாக அவரிடம் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் இது மனப்பாடம்.

"நீங்க கை தூக்குவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் சின்ன டீச்சர்.

"செயலாளரே, கூட்டத்துல ரெண்டு பக்கமும் பேசட்டும். கேட்டுட்டு முடிவு பண்றேன்."

வீட்டில் 'செயலாளரே' என்று கூப்பிட்டால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அர்த்தம். சின்ன டீச்சர் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். கணக்கு சார் இருட்டில், "தாளைத் திருத்திட்டு இருக்கேன்ல" என்று கத்துவது கேட்டது. கத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

சங்கக் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல இரண்டாம் வகுப்பு அறையில். வேறு அறை இல்லாமல் இல்லை. இதன் சாவிதான் செயலாளர் கையில் இருக்கிறது. நகரத்தின் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து அந்தக் குட்டி நாற்காலிகளில் முழங்காலைத் தாடையில் முட்டிக்கொண்டு உட்காருவார்கள். சங்கத் தலைவர் விளையாட்டு ஆசிரியர். அவர் பெயர் விசில். கூட்டத்தை விசில் ஊதித்தான் நடத்துவார். ஒரு குட்டி விசில் என்றால் உட்காருங்கள், நீள விசில் என்றால் பேச்சு முடிந்தது.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்பது கிளையின் பழக்கம். அதனால் துறையின் மதிப்பீட்டு அலுவலரை அழைத்திருந்தார்கள். முரட்டு ஆள் ஒருவர் வருவார், ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று சின்ன டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு காத்திருந்தார். வந்ததோ சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு இளம்பெண். உட்காரக் குட்டி நாற்காலியைக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "எங்க ஸ்கூல்லயும் இப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார். சின்ன டீச்சருக்கு உள்ளுக்குள் எரிச்சலாக வந்தது. பிடிக்காமல் போவதற்கு ஒரு சாக்காவது கொடுக்க வேண்டாமா?

அலுவலர் அழகாகப் பேசினார். பேசி முடித்ததும் மொழி ஆசிரியர் எழுந்து மறுத்தார், ஓவிய ஆசிரியர் எழுந்து மறுத்தார், சின்ன டீச்சர் எழுந்து நெருப்பாகப் பேசினார். அப்போதுதான் கணக்கு சார் கை தூக்கினார்.

"எழுதிப் பார்க்காமலே எதிர்க்கிறது நியாயம் இல்ல. மேடம் கிட்ட மாதிரித்தாள் இருக்கும். நாமளே எழுதிப் பார்ப்போம். ஏழு வயசுப் பிள்ளைங்க எழுதுற தாள், நமக்கு என்ன ஆகப் போகுது?"

அலுவலர் முகம் மலர்ந்துவிட்டது. தாள் மட்டும் இல்லை, திருத்தும் இயந்திரமும் பெட்டியிலேயே இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, கணக்கு சார் அதை அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று வைத்துக்கொண்டார். ஆனால் அது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்குக்கூட. சின்ன டீச்சர், இவர் நம்மைக் கவிழ்த்துவிட்டார் என்றுதான் நினைத்தார்.

வாழ்நாள் எல்லாம் தேர்வு நடத்தியவர்களை உட்காரவைத்துத் தேர்வு நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கொடுமையை என்ன சொல்ல. விசில் ஊதிய மறு நொடியே நான்கு பேர் பென்சில் இல்லை என்றார்கள். ஓவிய ஆசிரியர் ஒவ்வொரு வட்டத்தையும் நிழல் கொடுத்து உருண்டையாக்கிக்கொண்டிருந்தார். ஆறாவதோடு நேரம் முடிந்துவிட்டது. மொழி ஆசிரியர், கேள்விகளே சரியில்லை என்று அவற்றை அடித்துத் திருத்தி எழுதினார். அறிவியல் ஆசிரியைகள் இருவர் காப்பி அடித்துச் சிரித்து மாட்டிக்கொண்டார்கள். விசில் எல்லாரையும் முந்தி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் எழுந்து வகுப்பைச் சுற்றி ஓடினார். சின்ன டீச்சரோ, பென்சில் இல்லாதவர்களுக்குப் பென்சில் கொடுத்து, அழிப்பான் கேட்டவர்களுக்கு அழிப்பான் கொடுத்து, விழித்துக்கொண்டிருந்த ஒரு புது ஆசிரியையிடம் "பயப்படாம யோசிம்மா" என்று முதுகைத் தட்டிவிட்டு வந்து உட்கார்வதற்குள் விசில் ஊதிவிட்டது. அவர் எழுதியது ஏழு கேள்வி.

கணக்கு சார் மட்டும் தலை நிமிரவில்லை. அவர் வாழ்க்கையில் எந்தத் தேர்விலும் முதல் இடத்தை விட்டதில்லை. இதிலும் விடுவதாக இல்லை.

அலுவலர் தாள்களை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் செருகினார். பச்சை விளக்கு எரிந்தால் மேல்பிரிவு, சிவப்பு எரிந்தால் கீழ்ப்பிரிவு. ஓவிய ஆசிரியர் சிவப்பு. மொழி ஆசிரியர் சிவப்பு. சின்ன டீச்சர் சிவப்பு. காப்பி அடித்த இரண்டு பேரும் பச்சை. அவர்கள் கையைத் தட்டிக்கொண்டார்கள். கூட்டம் ஒவ்வொரு சிவப்புக்கும் பெருஞ்சிரிப்புச் சிரித்தது. கடைசியாகக் கணக்கு சார் தாள். இயந்திரம் அதை உள்ளே இழுத்தது, திணறியது, மூன்று முறை கீச்சென்று கத்திவிட்டு வெளியே துப்பியது.

அலுவலர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு. கோட்டுக்கு அப்பால், இருபது கேள்விக்கும் வழிமுறை. ஏழும் ஐந்தும் எத்தனை என்ற கேள்விக்குக்கூடக் கணக்கு சார் மூன்று வரி எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தார்.

"சார், ஓரத்துல எழுதக் கூடாது. மெஷின் அதையும் விடைன்னு எடுத்துக்கும். தாள் செல்லாது."

"விடையைப் பாருங்க மேடம். இருபதும் சரி."

அலுவலர் பார்த்தார். "இருபதும் சரிதான் சார். ஆனா செல்லாது. பூஜ்யம்."

சிரிப்பு நின்றுவிட்டது. கணக்கு சாருக்குக் காது மடல் சிவந்தது. கோபம் அவருக்கு மூக்கின் மேல் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் கத்தவில்லை. குட்டி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அலுவலர் பக்கத்தில் போய் நின்றார்.

"சரி, என் தாளை விடுங்க. ஒரு பிள்ளை வழி எல்லாம் சரியாப் போட்டு, கடைசில விடை தப்பாயிடுச்சு. அதுக்கு எத்தனை?"

"ஒண்ணும் இல்ல சார்."

"பாதிகூட இல்லையா?"

"விடை மட்டும்தான் சார்."

"ஒண்ணுமே தெரியாம கண்ணை மூடிக்கிட்டு ஒரு வட்டத்தை நிரப்பி, அது சரியா இருந்துச்சுன்னா?"

"முழு மார்க்."

"அப்போ அந்தப் பிள்ளை என்ன யோசிச்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அலுவலர் நல்ல பெண், பொய் சொல்ல வரவில்லை. "தெரியாது சார்" என்றார். "அதைப் படிக்கிறதுக்கு இதுல வசதி இல்ல."

"செல்லாத தாள் எழுதின பிள்ளை எங்க போகும்?"

"தானா கீழ்ப்பிரிவுக்குப் போயிடும்."

கணக்கு சார் தன் தாளை அலுவலர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் 'நீ சொன்னது சரி' என்று அவர் வாயால் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. நேராக நடந்து வந்து, சிவப்பு விளக்கு வாங்கிய சின்ன டீச்சர் அருகே இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் கீழ்ப்பிரிவு" என்றார். "தலைவரே, ஓட்டெடுப்பு நடத்துங்க."

விசில் ஊதினார். கைகள் எழுந்தன. கணக்கு ஆசிரியர்கள் வழக்கம்போலக் கணக்கு சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தார். "சார், ரெண்டு கை தூக்கினாலும் ஒரு ஓட்டுதான்" என்றார் விசில். "அதுவும் கீழ்ப்பிரிவுல இருந்துக்கிட்டு." கூரை அதிரச் சிரித்தார்கள். அலுவலரும் சிரித்தார். எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. சின்ன டீச்சர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். மனுஷன் இவ்வளவு நல்லவரா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். ஒரே ஒரு நிமிஷம்தான், அதற்குள் அவர், "இந்த நாற்காலி கால் ஆடுது, நீ கவனிக்கிறதே இல்லையா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

தீர்மானம் போட்டால் மட்டும் போதுமா? துறை சும்மா இருக்குமா? பெற்றோர் பக்கபலம் வேண்டும். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. நடந்ததை வெளியே சொன்னால், இரண்டாம் வகுப்புத் தேர்வில் பாதி ஆசிரியர்கள் தேறவில்லை என்று ஊரே கைகொட்டிச் சிரிக்கும். காதும் காதும் வைத்தாற்போல முடித்துக்கொள்ளலாம் என்றார் மொழி ஆசிரியர். பலரும் ஆமாம் போட்டார்கள்.

"என் தாளை வாசல்ல ஒட்டுங்க" என்றார் கணக்கு சார்.

"சார், உங்க பத்தாம் வகுப்புப் பசங்க பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். வழிமுறை எப்படி எழுதணும்னு அப்பவாவது கத்துக்கட்டும்."

ஒட்டினார்கள். திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் திருவிழாக் கூட்டம். முதல் மணி அடித்தும் பத்தாம் வகுப்பு நகரவில்லை. "சார் பூஜ்யம்டா" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன், "டேய், எல்லாமே சரியா இருக்குடா" என்று சொல்ல, பிறகு ஆள் ஆளுக்கு நின்று படித்தார்கள். பெற்றோரும் படித்தார்கள். இருபதும் சரியாக எழுதிய கணக்கு வாத்தியாருக்கே பூஜ்யம் என்றால் எங்கள் பிள்ளைக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே, நடந்ததை நடந்தபடியே எழுதிய ஒரு அறிக்கை மேலதிகாரி மேசைமேல் ஏற்கெனவே இருந்தது. அந்த அலுவலர், ஒரு சொல் விடாமல், யாரையும் பழிக்காமல் எழுதியிருந்தார். மூன்றாம் நாள் உத்தரவு வந்தது: இரண்டாம் வகுப்புக்கான தேர்வும் பிரிவு பிரிப்பதும் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றன. மறு அறிவிப்பு வரும்போது வரட்டும், அதற்கும் ஒரு கூட்டம் போட்டால் போயிற்று.

தேர்வு நடந்திருக்க வேண்டிய நாளில் சின்ன டீச்சர் எப்போதும் போலப் பாடம் நடத்தினார். நடுவில் கதவைத் தட்டிக்கொண்டு கணக்கு சார் வந்து நின்றார். தனக்கு இந்தப் பாடவேளை ஓய்வு என்றார்.

"அந்தப் 'பொறுங்க' பொண்ணு யாரு? ஒரு கணக்குக் கேட்கணும்."

சொல்லிவிட்டுக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ரிப்பனை நாலு சமத் துண்டாக்க வேண்டும், கத்தரிக்கோலை எத்தனை முறை போட வேண்டும் என்று கேட்டார். "தெரியும் சார். நாலு" என்றாள் தெரியும். மற்றொருத்தி வழக்கம்போல, "பொறுங்க சார்" என்றாள். கணக்கு சார் பொறுத்தார். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், படம் வரைந்தார்கள், தண்ணீர் குடிக்கப் போனார்கள், வந்தார்கள். மணி அடித்தது. அவர் அசையவில்லை. மாடியில் அவர் போக வேண்டிய ஒன்பதாம் வகுப்பு, ஆசிரியர் இல்லாத மகிழ்ச்சியில் ரணகளப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கீழே வரை கேட்டது. வகுப்புக்கு ஒரு நாளும் தாமதமாகப் போகாத மனுஷன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் சின்ன டீச்சர் தையல்கடைக்குப் போனார். கணக்கு சார் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "சீக்கிரம் வா" என்றார். பொறுங்க உள்ளே தரையில் உட்கார்ந்து, வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேர்வு இல்ல. பிரிக்கவும் இல்ல" என்றார் சின்ன டீச்சர். "உங்களுக்கு நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

தையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "அது சரி டீச்சர், எழுதியிருந்தா இவ எவ்வளவு வாங்கியிருப்பா?" என்று கேட்டார்.

சின்ன டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை கூத்தும் நடத்தி முடித்த பிறகு கேட்கிற கேள்வியைப் பாருங்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. இந்த அம்மாள் மார்க்கையா கேட்கிறாள்? தன் மகள் எப்படிப்பட்டவள் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று கேட்கிறாள். இத்தனை மாதமாக அந்தப் பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொண்டு, இதுவரை நாம் ஒரு வார்த்தை சொன்னோமா?

"மார்க் தெரியாது. இன்னைக்கு நடந்ததைச் சொல்றேன், கேளுங்க" என்றார்.

ரிப்பன் கணக்கைச் சொன்னார். கணக்கு சார் தன் வகுப்பை விட்டுவிட்டுக் காத்திருந்ததைச் சொன்னார்.

"மணி அடிச்சு ரொம்ப நேரம் கழிச்சு எழுந்து வந்தா. 'மூணு தடவை சார். ஆனா ரெண்டு தடவைலயும் முடிக்கலாம்'னா. எப்படின்னு கேட்டார். 'முதல்ல நடுவுல ஒரு வெட்டு. அந்த ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு, திரும்பவும் நடுவுல ஒரு வெட்டு. நாலு ஆயிடும்'னா. இதை யாரும்மா சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டார். 'யாரும் சொல்லல. எங்கம்மா துணியை அப்படித்தான் வெட்டுவாங்க, நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்'னு சொன்னா."

தையல்காரம்மா கையில் இருந்த கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். மகளைப் பார்த்தார். அவள் துணித் துண்டுகளை அடுக்குவதிலேயே மும்முரமாக இருந்தாள்.

"பழத்தோட அளவு கேட்டது உங்களுக்குத் தெரியுமா?" என்று சின்ன டீச்சர் அடுத்ததை எடுத்தார். பிறகு நிழல் ஏன் மதியம் சின்னதாகிறது என்று கேட்டது. மழை நாளில் சிநேகிதிக்குக் குடையைக் கொடுத்துவிட்டு, மரத்துக்கு மரம் ஓடி வந்து, தான் ஏன் நனையவில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னது. ஒன்று சொன்னால் இன்னொன்று நினைவுக்கு வந்தது. வாசலில் வண்டி ஹாரன் இரண்டு முறை அடித்தது. அப்புறம் கணக்கு சாரே உள்ளே வந்து நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நடுநடுவே, "அதைச் சொன்னியா?" என்று எடுத்தும் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து சின்ன டீச்சர் எழுந்தபோது தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ அப்பா இப்ப வேலை முடிஞ்சு வந்துடுவார் டீச்சர். இதையெல்லாம் நான் சொன்னா எனக்கு இப்படிச் சொல்ல வராது. முதல்ல இருந்து அவர்கிட்டயும் ஒரு தடவை சொல்லிட்டுப் போறீங்களா?"

சின்ன டீச்சர் கணவரைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.